உள்ளங்கைக்கு அடியில் எத்தனை தாள்

அன்று கட்டுப் போடும் அறையில் இருந்தவர்கள்: தவமணி சிஸ்டர். மதுரையிலிருந்து செவ்வாய்தோறும் வரும் டாக்டர். பட்டாசுக் கம்பெனி போர்மேன். கை வெந்த முத்துமாரி. அவள் புருஷன். கதவோரமாக நான். ஆறு பேர். நாற்காலி நாலுதான். போர்மேனும் நானும் நின்றோம்.

ஆறு பேரையும் ஒரே அறையில் கொண்டுவந்து சேர்த்தது சிஸ்டர். சேர்க்க வேண்டி வந்தது நான் நோட்டில் எழுதிய மூன்று பொய்யால்.

என் பெயர் காதர் மைதீன். சிவகாசிப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் முப்பத்திநாலு வருசம் தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டேன். போன வருசம் ஓய்வு. இப்போது அங்கே இரண்டு நர்சுகள் மேல்படிப்பு முடித்து வந்திருக்கிறார்கள். தவமணி சிஸ்டர் படித்த அதே படிப்பு. டாக்டர் இல்லாத நேரத்திலும் பார்த்து முடிவெடுக்கலாம் என்கிற படிப்பு. அவர்கள்தான் வீட்டுக்கு வந்து கேட்டார்கள்.

"பாய், சிஸ்டர் எப்படி வேலை பாத்தாகன்னு ஆஸ்பத்திரி மலருக்கு எழுதிக் குடுங்க."

"நான் ஏழாங்கிளாசும்மா."

"அதனாலதான் கேக்கோம். சுருக்கமா எழுதுவீக."

சரி என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் வியாபாரம். வாப்பாவுக்கு விருதுநகரில் மல்லி, வத்தல் கமிசன். எனக்கு வாய் வராது. கல்லாவில் உட்கார்ந்தால் வந்தவர் பேசிவிட்டுப் போய்விடுவார், நான் சரக்கு விற்றிருக்க மாட்டேன். இருபது வயதில் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கே ஒரு வயதான கம்பவுண்டர் இருந்தார். அவர் கட்டுப் போடுவதைப் பார்த்தே பழகினேன். மூன்று வருசத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கத்திரிக்கோல் என் கைக்கு வந்தது. என் அண்ணன் இன்றைக்கும் சொல்வான், "வீட்டுல எல்லாரும் சரக்கு வியாபாரம். எங்க காதர் மட்டும் கட்டு வியாபாரம்."

முதல் பதினைந்து வருசம் எப்படி என்றால், ஆள் வரும், பழைய கட்டை அவிழ்ப்பேன், புதுக் கட்டு போடுவேன், ஆள் போகும். டாக்டர் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த செவ்வாய். நோயாளி சர்க்கரைக்கு ஓரிடம், காயத்துக்கு ஓரிடம், வேலை நடக்கிற ஊரில் ஊசிக்கு ஓரிடம் என்று போவார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டும் ஒரு மஞ்சப்பையில் கசங்கிக் கிடக்கும்.

அப்போதுதான் தவமணி சிஸ்டர் வந்தார். ஆலங்குளத்துக்காரர். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். குள்ளம். குரல் கீழேயே இருக்கும். அவர் பேசினால் நாம் வேலையை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். வேண்டுமென்றே அப்படிப் பேசுவார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் டாக்டர் கையெழுத்துப் போட்ட நாலு பக்கத் தாள் ஒன்று இருந்தது. எந்தக் காயத்துக்கு என்ன செய்யலாம், வலி மாத்திரை எவ்வளவு தரலாம், எதைக் கண்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த நாலு பக்கத்துக்குள் அவரே முடிவெடுப்பார். வெளியே ஒரு அடி வைக்க மாட்டார். சந்தேகம் வந்தால் நோயாளி முன்னாலேயே தாளை எடுத்துப் படிப்பார். அவருக்கு அதில் வெட்கம் இல்லை.

வந்த முதல் வாரம் ஒரு பெரியவர் தலை சுற்றுகிறது என்று வந்தார். காலில் தீக்காயம், ஆறாமல் நின்றது. சிஸ்டர் காலைப் பார்க்கவில்லை.

"பையக் கொட்டுங்க தாத்தா."

"பையில என்னம்மா இருக்கு, வெத்தல பாக்குதான்."

"அதையும் பாப்போம். கொட்டுங்க."

கொட்டினார். வெற்றிலையோடு இரண்டு சர்க்கரை மாத்திரை அட்டை விழுந்தது. இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்தது. பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒரே மாத்திரை. மனுசன் இரண்டு மாசமாக இரட்டிப்பு விழுங்கியிருக்கிறார். சிஸ்டர் இரண்டு இடத்துக்கும் போன் போட்டுப் பேசினார். ஓர் அட்டையை எடுத்துவிட்டார். தலை சுற்றல் நின்றது. அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் வேலை பையைக் கொட்டுவது.

அடுத்து, ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு என்று ஆக்கினார். அச்சாபீஸ் வெட்டுத் தாளைத் தைத்து நாங்களே செய்தோம். டாக்டர், சர்க்கரை டாக்டர், கிராமத்து நர்சு, நான், யார் தொட்டாலும் அதில்தான் எழுத வேண்டும். நானும் எழுத வேண்டும் என்றார். ஏழாங்கிளாஸ் என்று இழுத்தேன்.

"காயத்தை நான் வாரத்துல ரெண்டு தரம் பாக்கேன். டாக்டர் ஒரு தரம். நீங்க தினம் பாக்கீக பாய். நீங்க எழுதாம யார் எழுதுவா?"

கட்டுப் போடுவதையும் மாற்றினார். முதலில் வலி மாத்திரை. அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும். பிறகுதான் பழைய கட்டில் கைவைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். துணி தானாகக் கழன்று வர வேண்டும், நாம் இழுக்கக் கூடாது. காயத்தின் மேல் எண்ணெய்த் துணி. ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் தனித் துணி, இல்லாவிட்டால் விரலும் விரலும் ஒட்டி வளரும். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு நோக்கிச் சுற்ற வேண்டும். நகம் வெளியே தெரிய வேண்டும், நிறம் பார்க்க. முடிச்சு புறங்கைப் பக்கம். பதினைந்து வருசம் நான் நோயாளி கத்தக் கத்த வேலை பார்த்தவன். மாத்திரைக்கு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் வந்தபின் என் அறையில் சத்தம் குறைந்தது. அது ஒன்றுக்கே அவருக்கு நான் கடன்பட்டவன்.

இனி தாள் விசயம்.

உள்ளங்கை வெந்து ஆறினால் தோல் சுருங்கும். விரல் உள்பக்கம் மடங்கும். கையை மேசையில் கவிழ்த்து வைத்தால் மணிக்கட்டும் விரல் நுனியும் தொடும். நடுவில் பாலம் மாதிரி தூக்கி நிற்கும். அந்த இடைவெளி குறைகிறதா என்று வாரா வாரம் அளக்க வேண்டும். மில்லிமீட்டர் சொன்னால் நோயாளிக்குப் புரியாது. சிஸ்டர் தினசரி காலண்டர் ஒன்றைப் பிரித்தார். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சம் இல்லை. தாள்களை விரல் அகலத்துக்கு வெட்டி அடுக்கி, கைக்கு அடியில் செருகினார். தாள் நழுவவும் கூடாது, தோலைத் தூக்கவும் கூடாது. அந்த இடத்தில் நிறுத்தி எண்ண வேண்டும். எண்ணுகிற வேலை எனக்கு.

நோயாளிகளுக்கு அது பிடித்துப்போனது. ஒரு தாள் ஒரு நாள் என்று மாசக் கணக்கில் பேசுவார்கள். "பாய், என் கைக்கடியில சித்திரை கழிஞ்சிருச்சா?" என்பார் ஒருவர். "எங்க? இன்னும் ஆடியே போகல" என்று பக்கத்தில் இருப்பவர் நக்கலடிப்பார்.

முத்துமாரி நாரணாபுரத்துப் பெண். முப்பது வயது இருக்கும். அவள் அப்பனும் ஆத்தாளும் காட்டு வேலை பார்த்தவர்கள். இவள் பட்டாசு வேலை, சரம் பின்னுவாள். பக்கத்தில் இருந்தவள் சேலையில் பொறி விழுந்ததை வெறுங்கையால் அடித்து அணைத்திருக்கிறாள். வலது உள்ளங்கை. மதுரையில் தோல் வைத்துத் தைத்து, மூன்று வாரம் கழித்து எங்களிடம் வந்தாள். கையை விரித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து, மேலே கட்டு. வாரம் ஒரு தரம் நான் அவிழ்த்து அளக்கும்போது தவிர இரவு பகல் அதைக் கழற்றக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது.

முதல் நாள் இருநூற்று முப்பத்தாறு. பிறகு நூற்றுத்தொண்ணூறு. நூற்றைம்பத்தொன்று. நூற்றுப்பன்னிரண்டு. ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு இரண்டு மாசம் இருந்தது. அடுத்த வாரம் வந்தாள். கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். துணி என்னுடையது. சுற்றும் என் சுற்று மாதிரியே இருந்தது. முடிச்சைக் காணோம். நுனி உள்ளே செருகியிருந்தது. சரம் பின்னுகிறவர்கள் நூலை முடிக்கிற விதம் அது. இழுக்க இழுக்க இறுகும், வெளியே எதுவும் தெரியாது.

"யாரு கட்டுனா?"

துணியை மோந்து பார்த்தேன். கந்தக வாடை.

"பாய், சொல்லிராதீக பாய். கட்டோட போனா கேட்டுல விடமாட்டாக. வேன்ல அவுத்துருவேன். சாயந்தரம் வேன்லயே அக்காமாரு கட்டி விட்டுருவாக. சீசன்ல போகலைன்னா என் இடத்துல வேற ஆளப் போட்டுருவாக. பெறகு வருசம் பூரா ஒக்காந்திருக்கணும். தீபாவளி மட்டும் பாய்."

"கை?"

"கை சரியாயிரும். நீங்கதான் இருக்கீகளே."

அளந்தேன். நூற்றிருபது. நோட்டில் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதினேன். எட்டுத் தாள்தானே, அடுத்த வாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நூற்று நாற்பத்தெட்டு. நூற்றுப்பன்னிரண்டு என்றே எழுதினேன்.

மூன்றாம் வாரம் நூற்றுத்தொண்ணூற்றேழு. இந்தத் தடவை நூற்றுப்பத்து என்று எழுதினேன். ஒரே எண் நாலு தரம் வந்தால் சிஸ்டர் கேட்பார் என்று இரண்டைக் குறைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. முதல் இரண்டும் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

அன்று மத்தியானம் சிஸ்டர் நோட்டை வைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"முத்துமாரி நல்லா வருது டாக்டர். நூத்திப்பத்து. ஆமா டாக்டர், அடுத்த மாசம் பாத்தாப் போதும். அளவுல சந்தேகமே வேண்டாம், காதர் பாய் எண்ணுனது."

நான் எழுதிய எண் மதுரைக்குப் போய்விட்டது. டாக்டர் அந்தக் கையை இந்த வாரம் பார்க்க வேண்டியது. அடுத்த மாசம் என்று தள்ளிவிட்டார்.

துணியை வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

"சிஸ்டர். அது நூத்திப்பத்து இல்ல."

"எம்புட்டு?"

"நூத்தித்தொண்ணூத்தேழு."

என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "எத்தனை வாரமா?"

"மூணு."

முடிச்சு, வேன், கேட்டு, எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேசியது கிடையாது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை எடுத்தார். என்னை வெளியே போகவும் சொல்லவில்லை.

"டாக்டர், தவமணி பேசுறேன். இப்ப நான் சொன்ன அளவு தப்பு. நூத்தித்தொண்ணூத்தேழு. கை சுருங்குது. இந்தச் செவ்வாக்கிழமையே நீங்க பாக்கணும்."

நான் சொன்ன அளவு தப்பு என்றார். காதர் சொன்னது என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் நோட்டைத் தள்ளினார்.

"தாளைக் கிழிக்காதீக. தப்பான எண்ணு மேல ஒரே ஒரு கோடு போடுங்க. அது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதி உங்க பேரைப் போடுங்க."

மூன்று கோடு போட்டேன். மூன்று தரம் பேர் எழுதினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு நாரணாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் கம்பெனி வேன் வந்தபோது சிஸ்டர் அங்கே நின்றிருக்கிறார். முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வேனில் ஏறி, பெண்களோடு பெண்ணாகப் பின்சீட்டில் உட்கார்ந்து கம்பெனி கேட்டு வரைக்கும் போனாராம். கட்டு எங்கே அவிழ்கிறது, தட்டு எந்த சீட்டுக்கு அடியில் போகிறது என்று முழுசும் பார்த்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி, போர்மேனிடம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அப்படித்தான் அந்த ஆறு பேரும் சேர்ந்தோம்.

போர்மேன்தான் முதலில் ஆரம்பித்தார். "சீசன் நேரத்துல வரச் சொல்லிட்டீக சிஸ்டர். ஆர்டர் எம்புட்டு நிக்கி தெரியுமா? காயம்பட்ட ஆள உள்ள விடக்கூடாதுன்னு ரூல். இவ அவுத்துட்டு வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

முத்துமாரி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியாதாக்கும்! சீக்கிரம் அவுத்துட்டு வா, லேட்டாகுதுன்னு கேட்டுல நின்னு வாச்சைப் பாத்தது யாரு?"

டாக்டர் சிரித்துவிட்டார். போர்மேனுக்கு முகம் செத்துப்போனது.

புருஷன் சொன்னான், "வேலைக்குப் போறா, அது தெரியும் சிஸ்டர். தட்டக் கழத்துறா, அது தெரியாது. சத்தியமா."

"நீ தெரிஞ்சு என்ன கிழிச்சிருப்ப?" என்றாள் அவள்.

சிஸ்டர் யாரையும் விசாரிக்கவில்லை. முத்துமாரியின் கையைக் கவிழ்த்து வைத்து என்னை எண்ணச் சொன்னார். எல்லார் முன்னாலும் எண்ணினேன். இருநூற்று இரண்டு. நோட்டைத் திறந்து என் மூன்று கோட்டையும் டாக்டருக்குக் காட்டினார். டாக்டர் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்காகத்தான் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

பிறகு கையைத் திருப்பி அமுக்கிப் பார்த்தார். "ஆறு வாரம் தர்றேன் சிஸ்டர். அதுக்குள்ள நூறுக்குக் கீழ வரணும். இல்லைன்னா திரும்ப வெட்டித் தோல் வைக்கணும். அப்படி வச்சா இந்தக் கை சரம் பின்னுமான்னு நான் சொல்ல முடியாது."

முத்துமாரி அழுதாள். சத்தம் இல்லை.

சிஸ்டர் போர்மேனிடம் திரும்பினார். "ஆறு வாரம் இவ கம்பெனிக்கு வரமாட்டா. இவ எடத்துக்கு நீங்க யாரையும் நிரந்தரமா போடக் கூடாது. காலையில வேன் இந்த வழியாத்தான் போகுது. இவளை இங்கன எறக்கி விடட்டும், தெனம் நாங்க பாக்கோம். இன்னொண்ணு. காலிக் குழாய் வேணும். வெடிமருந்து படாத புதுக் குழாய். சின்னதுல இருந்து பெருசு வரைக்கும்."

"குழாய் எதுக்கு?"

"கையை விரிக்கிறதுக்கு."

போர்மேன் தலையைச் சொறிந்தார். "குழாய் தர்றேன். வேன் நிறுத்தச் சொல்றேன். எடம்..." என்று நிறுத்தினார். முத்துமாரியைப் பார்த்தார். "எடமும் வைக்கேன்."

"எழுதுங்க" என்று சிஸ்டர் நோட்டை நீட்டினார்.

எழுதினார். ஆறு பேரும் அடியில் கையெழுத்துப் போட்டோம். முத்துமாரி இடது கையால் போட்டாள்.

மறுநாள் குழாய் வந்தது. பட்டாசுக்குச் சுற்றுகிற கெட்டிக் காகிதக் குழாய். விரல் தடிமனில் ஆரம்பித்துத் தேங்காய் தடிமன் வரை. ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் கொடுத்து, இருபது எண்ணுகிற வரை பிடிக்க வேண்டும். பிறகு ஒரு சைஸ் கூட. தோலுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். பிறகு தட்டு, கட்டு. முடிச்சை நான்தான் போடுவேன். தினம் காலை ஏழு மணிக்கு வேன் ஹாரன் அடிக்கும். உள்ளே இருக்கிற பெண்கள் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள். "பாய், இன்னைக்கு எம்புட்டு?" தோட்டா வெடிக்குச் சுற்றுகிற குழாயிலிருந்து அடுத்த சைசுக்குப் போன அன்று வேன் முழுக்கக் கை தட்டினார்கள்.

முதல் வாரம் நூற்றுத்தொண்ணூறு. பிறகு நூற்றெழுபத்தாறு. மூன்றாம் வாரம் நகரவில்லை. சிஸ்டர் மதுரைக்குப் பேசி, எண்ணெய் தேய்க்கிற முறையை மாற்றினார். நூற்று நாற்பத்தெட்டு. நூற்றிருபத்தொன்று.

ஆறாவது செவ்வாய். டாக்டர் வேறு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. சிஸ்டர் ஜன்னலோரம் நின்றார். முத்துமாரி கையைக் கவிழ்த்து வைத்தாள். தாளைச் செருகினேன். எடுத்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

"எம்புட்டு பாய்?" என்றார் டாக்டர்.

முத்துமாரி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், நான் எண்ணும்போது அவளும் கூடவே எண்ணுவாள். நாலு தாளைக் கீழே நழுவவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் கேட்கவில்லை. கண் கேட்டது.

"நூத்திமூணு" என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்தார். எழுந்து வந்தார். கையை எடுத்து விரலை ஒவ்வொன்றாக மலர்த்திப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். நோட்டை வாங்கி, ஆறு வாரத்து எண்ணையும் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தார். அதற்கு மேலே கோடு போட்ட மூன்றையும் படித்தார்.

"சிஸ்டர், இந்த எண்ணை நம்பலாம்" என்றார். "எறங்கிக்கிட்டுதான் இருக்கு. மூணு தாளுக்காக நான் கத்தி எடுக்கப் போறதில்ல. இப்படியே போங்க."

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் கண் துடைத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பொங்கல் கழிந்து முத்துமாரி வேலைக்குப் போனாள். அவள் இடத்துக்கே. சிஸ்டர் இரண்டு வருசம் கழித்து வேறு ஊருக்குப் போனார். இப்போது நர்சுகளுக்குப் பாடம் எடுக்கிறார். போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நன்றி என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். மூன்று பொய் எழுதிய ஆளிடம் அடுத்த நாளும் அதே நோட்டைக் கொடுத்தார். அதன் பிறகு நான் எழுதிய எண்ணை அவர் ஒருநாள்கூடச் சரிபார்க்கவில்லை.

ஓய்வு பெறுகிற வாரம் முத்துமாரி வந்தாள். கையில் புது வருசக் காலண்டர், கம்பெனியில் கொடுத்தது.

"கடைசியா ஒரு தரம் அளந்து விடுங்க பாய். வேற யாரும் அளந்தா எனக்கு ஒப்பாது."

மேசையில் கையைக் கவிழ்த்தாள். மணிக்கட்டு தொட்டது. விரல் நுனி தொட்டது. விரல் அடியும் ஏறக்குறையத் தொட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அந்த மூன்று வாரம் இல்லாவிட்டால் அந்த வெளிச்சமும் இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தாளைச் செருகினேன். நழுவவில்லை, தூக்கவில்லை. எடுத்து எண்ணினேன். அவளும் உதட்டுக்குள் எண்ணினாள்.

முப்பத்தெட்டு.